ஆறாம் இலக்கத்தின் பெயரைப் பிரித்த காலை

சென்ற மாதம் ஒரு பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பிக்கரிங்கில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. பெண்கள் ஐஸ் ஹொக்கி அணி ஒன்றின் சாமான் அறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். இந்த வேலையை முந்தி ஒரு தமிழர் செய்தவர் என்று யாரோ என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

“அங்கிள், ஜேர்சிக்குப் பின்னாலை ஒட்டின நேமை எப்பிடி றிமூவ் பண்றது? ஹீற் பண்ணினா துணி பேர்ன் ஆகுது.”

ஒட்டுகிற பெயரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். எங்கள் காலத்தில் எல்லாம் தையல். நூலைப் பிரித்தால் பெயர் கழன்றுவிடும். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“அப்ப அங்கிள், எந்த நேம் பிரிக்கிறது ஹார்டா இருந்தது?”

நீளமான பெயர், பழைய துணி என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.  எழுதி அனுப்புகிறேன் பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு இரண்டு நாள் நித்திரை இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரொறன்ரோவின் மேற்கே, ரெக்ஸ்டேலுக்குக் கிட்ட, ஒரு ஹொக்கி அரங்கு இருந்தது. அதில் சம்பளத்துக்கு விளையாடும் ஓர் அணி. தொலைக்காட்சியில் வருகிற பெரிய அணிகள் அல்ல. அவற்றுக்கு இரண்டு படி கீழே. அங்கே விளையாடியவர்களில் பாதிப்பேர் மேலே போகக் காத்திருக்கும் இளந்தாரிகள். மிச்சப்பேர் முப்பதைத் தாண்டி, ஊர் ஊராக, அணி அணியாகக் கொடுக்கப்பட்டு வந்து சேர்ந்தவர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து அந்த அணியின் சாமான் அறையில் நான் வேலை செய்தேன். கலியாண வீடுகளில் சொன்னால் ஆட்கள் நம்புவதில்லை. “நீர் ஹொக்கி விளையாடினனீரோ?” என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்பார்கள். இல்லை, உடுப்புத் தைத்தேன் என்பேன். அதோடு கதை முடிந்துவிடும்.

வேலை கிடைத்த கதை சிறியது. வந்த புதிதில் பார்க்டேலில் ஓர் அப்பார்ட்மென்ரில் ஆறு பேர் இருந்தோம். அதில் குகன் அண்ணை அந்த அரங்கில் கூட்டித் துடைக்கும் வேலை செய்தார். ஒரு நாள், “எடேய், நீ கொழும்பிலை தையல் கடையிலை நிண்டனி எண்டு சொன்னியெல்லே? அங்கை ஒரு மெசின் இருக்கு. இருந்தவன் விட்டிட்டுப் போயிட்டான். வாறியோ?” என்று கேட்டார். போனேன். முதல் இரண்டு வருடம் தோய்த்தேன், காய வைத்தேன், கிழிந்ததைத் தைத்தேன், பனியில் சறுக்குகிற ஸ்கேற் சப்பாத்தின் இரும்பைத் தீட்டப் பழகினேன். பழகிய விதத்தைச் சொல்லி உங்களை அலுப்பூட்ட மாட்டேன். விரலில் வெட்டுக்காயம் குறையக் குறைய வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் லாரி. அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான ஆள். கண்ணாடியை ஒரு கறுப்பு நூலில் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மெல்லத்தான் கதைப்பார். அவர் சொல்வதைக் கேட்க வேண்டுமென்றால் உடுப்புக் காய வைக்கிற மெசினை நிறுத்த வேண்டும். ஏழு வருடத்தில் அவர் என்னை ஒரு தடவையும் பாராட்டவில்லை, ஏசவும் இல்லை. நான் தைத்தது சரியென்றால் எடுத்துக் கொழுவியில் மாட்டுவார். பிழையென்றால் திரும்பவும் என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். எங்கே பிழை என்று சொல்ல மாட்டார். நானே தேட வேண்டும். பயந்த சுபாவம் உள்ளவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். கொழுவியில் மாட்டிய பிறகும், மறந்துபோய் மாட்டிவிட்டாரோ என்று எடுத்து எடுத்துப் பார்ப்பேன். என் மனைவி ராணி சொல்வாள், “உங்களுக்கு ஒரு நாளைக்குக் கவலை இல்லாட்டி, ஏன் இல்லை எண்டு கவலைப்படுவியள்.”

பெயர் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதைச் சொல்லாமல் மிச்சம் விளங்காது. ஜேர்சியில் பெயரை நேராகத் தைப்பதில்லை. அதே நிறத் துணியில் ஒரு பட்டி வெட்டி, பட்டியில் எழுத்துகளைத் தைத்து, அந்தப் பட்டியைத்தான் முதுகில், இலக்கத்துக்கு மேலே தைப்போம். ஜேர்சி அணியுடையது. இலக்கமும் அணியுடையது. பெயர் மட்டும்தான் ஆளுடையது. ஆள் போனால் பட்டியைக் கழற்றிவிட்டு அடுத்தவரின் பட்டி ஏறும். ஒரே ஜேர்சி ஒரு குளிர்காலத்தில் நான்கு முதுகுகளைக் கண்டதுண்டு.

கழற்றுவது தைப்பதைவிடக் கவனமான வேலை. ஜேர்சித் துணி வலை மாதிரி. தையல்காரர் வழக்கமாகச் செய்வதுபோல் பிளேட்டை விட்டால் கிழிந்துவிடும். அதற்கென்று ஒரு சின்ன முள்ளுக்கத்தி உண்டு. துணியைப் புரட்டி, உள்பக்கத்தில் ஒவ்வொரு நாலாவது தையலையும் வெட்ட வேண்டும். பிறகு வெளிப்பக்கம் திருப்பி நூலின் ஒரு முனையைப் பிடித்து ஆறுதலாக இழுத்தால், ஒரு பக்கம் முழுவதும் ஒரே நூலாக வந்துவிடும். மிச்சத் துணுக்குகளைச் சாவணத்தால் எடுத்து, ஆவி காட்டினால் ஊசித் துளைகள் மூடிக்கொள்ளும். ஒன்று மட்டும் மூடாது. பட்டிக்குக் கீழே இருந்த துணி சோப்பும் வேர்வையும் படாமல் புது நிறத்தோடு இருக்கும். மங்கிய நீலத்துக்கு நடுவில் கடும் நீலத்தில் ஒரு நீட்டுப்பெட்டி.

லாரி வைத்திருந்த சட்டங்கள் மூன்று. அணியை விட்டுப் போகிற ஆளின் ஸ்கேற்றைத் தீட்டி, இரண்டு சோடி புதுக் கயிறு வைத்து அனுப்ப வேண்டும், அவர் எதிரணிக்கே போனாலும். இரண்டாவது, ஆள் கட்டடத்தை விட்டு வெளியே போன பிறகுதான் பெயரில் கத்தி வைக்க வேண்டும். “ஒரு மனுசன் தன்ரை பேர் இல்லாத சட்டையைப் பாக்கக்கூடாது,” என்பார். மூன்றாவது, சுவரிலே தொங்கிய தொலைபேசியைப் பற்றியது. ஓர் ஆளை வேறு அணிக்குக் கொடுப்பதென்றால், மேல் மாடியில் இருந்த மனேஜர் அந்தத் தொலைபேசியில் எங்களுக்கு முதலில் சொல்லுவார், பையைக் கட்டி வைப்பதற்காக. “பதினேழு” என்பார். அவ்வளவுதான். பதினேழுக்கே அது தெரிந்திருக்காது. அரைமணித்தியாலம் கழித்து அந்த ஆள் சிரித்துக்கொண்டு உள்ளே வருவார், நாங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்தத் தொலைபேசியில் கேட்டது அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. அதுதான் மூன்றாவது சட்டம்.

இந்த மூன்றில் இரண்டை நான் ஒரே காலையில் உடைத்தேன்.

வேர்ன் எங்களிடம் வந்தது ஒரு செப்ரெம்பர் மாதம். அவருடைய குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை, எழுத எனக்கு உரிமையில்லை. பதினோரு எழுத்து என்று மட்டும் சொல்கிறேன். முப்பத்திமூன்று வயது. தற்காப்பு வீரர். கோதுமை விளைகிற மாகாணத்து ஆள். இடது முழங்காலை இரண்டு தரம் வெட்டித் தைத்திருந்தார்கள். எங்களுடையது அவருக்குப் பன்னிரண்டாவது அணி. வந்த முதல் நாள் என் மேசையில் ஒரு பிளாஸ்ரிக் பையை வைத்தார். அவர்கள் கதைத்ததெல்லாம் இங்கிலிஷ்தான், எனக்கு விளங்கினபடி எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

“என்ரை பேர். முந்தின ரீமிலை தைச்சது. பேர் நீளம் எண்டபடியா ஒவ்வொரு ஊரிலையும் எழுத்து முடிஞ்சு போகுது. நானே கொண்டு திரியிறன்.”

லாரி அந்தப் பையை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “இஞ்சை நாங்கள்தான் தைப்பம்.”

நான்தான் தைத்தேன். ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. இலக்கம் ஆறு.

சாமான் அறையில் கதைக்கிற ஆள் வேர்ன். முழங்காலில் பட்டி சுற்றுவதற்காக எல்லோருக்கும் முன்னால் வருவார். சுற்றிக்கொண்டே ஊர்க்கதை சொல்வார். “ஒருக்கா பஸ்ஸிலை போய்க்கொண்டிருக்கேக்கை என்னைக் குடுத்திட்டாங்கள். கோச் வந்து பக்கத்திலை இருந்து சொன்னவர். நல்ல மனுசன், சான்விச்சைச் சாப்பிட்டு முடிக்க விட்டவர்.” இன்னொரு ஊரில் வீட்டுக்குத் திரைச்சீலை போட்ட அன்று கொடுத்தார்களாம். அதிலிருந்து மனைவி கரன் எந்த ஊரிலும் திரைச்சீலை போடுவதில்லை, போர்வையைத்தான் ஜன்னலில் தொங்கவிடுவாளாம். இதையெல்லாம் சிரிப்பாகத்தான் சொல்வார்.

அவர் சிரிக்காமல் சொன்னது ஒன்றுதான். எனக்கு நாலாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள் என்று ஒரு நாள் சொன்னேன். தனக்கும் நாலாம் வகுப்பில் ஒரு மகள் என்றார். ஹெதர் என்று பெயர். இது ஐந்தாவது பள்ளிக்கூடம்.

“அவள் ஒரு வகுப்பைத் தொடங்கின இடத்திலை முடிச்சதே இல்லை. வாசிக்கிறதிலை பின்னுக்கு நிக்கிறாள். பிள்ளை மொக்கில்லை. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலையும் புத்தகத்தின்ரை நடுவிலை போய் இருக்கிறாள், அதுதான். இந்த வருசம் அவளுக்கு வாக்குக் குடுத்திட்டன். செப்ரெம்பரிலை இருந்து ஜூன் வரைக்கும் ஒரே மேசை. அதுக்குப் பிறகு என்னை எங்கை வேணுமெண்டாலும் எறியட்டும்.”

வகுப்பின் நடுவில் எழும்பி வந்தவன் நான். ஊசியில் நூலைக் கோத்தேன்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் பின்னேரம் இரண்டு மணிக்கு. ஞாயிறுகளில் லாரி தேவாலயத்துக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்குத்தான் வருவார். எட்டிலிருந்து பதினொன்று வரை நான் தனி. ஒன்பது மணி தாண்டத் தொலைபேசி அடித்தது.

“லாரி இல்லையா? சரி, நீயே கேள். ஆறு. அந்த இடத்துக்கு ஒருத்தன் இண்டைக்கே வரலாம். காரிலை ரண்டு மணித்தியாலம்தான். பேரை எழுது.” எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஒன்பது எழுத்து. “தயாராய் இரு,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

லாரி இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். புதுப் பட்டியைத் தைத்துத் தட்டில் வைத்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானும் முதலில் பட்டியைத்தான் தைத்தேன். முடிந்தபோது பத்தேகால். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தேன். அதுதான் பிழை. புதியவன் ஒரு மணிக்கு வந்தால் என்ன செய்வது, ஒன்றரைக்கு வந்தால் என்ன செய்வது, பெயரில்லாத முதுகோடு அவன் பனித்தரையில் இறங்கினால் யாரைக் கேட்பார்கள், அதற்கு இடையில் வேறு யாராவது ஸ்கேற்றைக் கொண்டுவந்தால் யார் தீட்டுவது. லாரியும் பனியில் சறுக்கி எங்காவது காரோடு நின்றுவிட்டால். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு போனது. வேர்ன் எப்படியும் பன்னிரண்டுக்கு முன் வர மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தி வைப்போம், பிறகு வேலை சுகம் என்று நினைத்து ஆறாம் இலக்கத்தைப் புரட்டிப் போட்டேன். ஒரு பக்கம் முடிந்தது. கை நிற்கவில்லை. கடைசிப் பக்க நூலை இழுத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

வேர்ன் இரண்டு கோப்பிக் கோப்பைகளோடு நின்றார். ஒன்று எனக்கு. வெளியே பனி கொட்டியதால் நேரத்தோடு புறப்பட்டாராம். அதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் மேசையைப் பார்த்தார். கடும் நீல நீட்டுப்பெட்டியைப் பார்த்தார். பட்டி என் கையில் இருந்தது.

கோப்பிகளை ஆறுதலாக மேசையில் வைத்தார்.

“எங்கை?” என்றார்.

“தெரியாது.”

“தூரமோ?”

“உண்மையா எனக்குத் தெரியாது, வேர்ன்.”

அவர் என்னை ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. தொலைபேசியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வீட்டுக்கு எடுத்தார். கரனிடம் ஒரே ஒரு சொல்தான் சொன்னார். “தொடங்கு.” பன்னிரண்டு அணிகளுக்குப் பிறகு, வீட்டுச் சாமான் கட்டத் தொடங்க அந்த ஒரு சொல் போதும். வைக்கப் போனவர் வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அவள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். வேர்ன் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, “கேட்டுச் சொல்லுறன்,” என்று சொல்லி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என்னைக் குடுக்கிற கடதாசியிலை ஒப்பம் வைச்சாச்சோ எண்டு கரன் கேக்கிறாள். மேலை இருந்து உமக்கு என்ன சொன்னவங்கள்? சொன்ன மாதிரியே சொல்லும்.”

என் வாழ்க்கையில் பயந்த தருணங்கள் பல உண்டு. சோதனைச் சாவடிகளில் பயந்திருக்கிறேன், விமான நிலையத்தில் பயந்திருக்கிறேன். இது வேறு மாதிரி. அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லித் தந்திருந்தார்கள். இங்கே நான் வாயைத் திறந்தால் வேலை போகும். இரண்டு பிள்ளைகள், ராணி தொழிற்சாலையில் அரைநேர வேலை. திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. சட்டமே அதுதான், திறக்காதே என்பது. ஆனால் அந்த மனிதனின் பெயர் என் கையில் இருந்தது. சொல்லாமல் இருப்பதற்கு அதைக் கீழே வைத்திருக்க வேண்டும்.

“‘ஒருத்தன் வரலாம்’ எண்டு சொன்னவர். ‘தயாராய் இரு’ எண்டு சொன்னவர்.”

“வரலாம் எண்டோ, வாறான் எண்டோ?”

“வரலாம் எண்டு.”

“அப்ப நீர் ஏன் பிரிச்சனீர்?”

“பயத்திலை,” என்றேன். 

 வேர்ன் கோட்டைக்கூடக் கழற்றாமல் படியில் ஏறி மேலே போனார். முழங்கால் நோவோடு ஓர் ஆள் இரண்டு இரண்டு படியாக ஏறுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

லாரி பதினொரு மணிக்குக் கழுத்துப்பட்டியோடு வந்தார். மேசையில் கிடந்த ஆறாம் இலக்கத்தை எடுத்தார். பெருவிரலால் அந்த நீட்டுப்பெட்டியைத் தடவினார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கழுத்துப்பட்டியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “மேலை இருந்து ஆரும் வந்தவையோ?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். “அப்ப ஸ்கேற்றுகளைத் தீட்டுவம்,” என்றார். தீட்டினோம். நான் ஒவ்வோர் இரும்பையும் மூன்று தரம் பார்த்தேன்.

பன்னிரண்டு அளவில் மனேஜர் இறங்கி வந்தார். உயரமான ஆள், கதவில் குனிந்து வருவார். அன்றைக்குக் குனியும்போதே கதைத்துக்கொண்டு வந்தார்.

“ஒப்பம் வைக்கேல்லை எண்டு அவனுக்கு ஆர் சொன்னது?”

லாரி திரும்பவில்லை. நான், “நான் சொன்னனான்,” என்றேன்.

“அவன் மேலை வந்து என்ன சொன்னவன் தெரியுமோ? என்னைக் குடுத்தா நான் போகமாட்டன், இண்டையோடை விளையாட்டை விடுறன், அவங்களுக்குச் சொல்லுங்கோ எண்டான். விளையாட வராதவனை ஆர் வாங்குவான்? அவங்கள் வேண்டாம் எண்டிட்டாங்கள். ஒரு மாசமாய்க் கதைச்ச அலுவல்.”

அப்போதுதான் லாரி மெசினை நிறுத்தினார். வழக்கம்போல மெல்லத்தான் கதைத்தார்.

“கத்தியை எடுத்தது இவன்ரை பிழை. அதை நான் பாக்கிறன். ஒரு மனுசன் தன்னைப் பற்றிக் கேட்டான், இவன் பதில் சொன்னான். அது பிழையெண்டு என்னாலை சொல்ல ஏலாது. முப்பது வருசமாய் எனக்கு ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை. கேட்டிருந்தா நானும் சொல்லியிருப்பன் எண்டுதான் நினைக்கிறன்.”

மனேஜர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜேர்சியைப் பார்த்தார். “திருப்பித் தை,” என்றார். “புதன்கிழமை உன்னோடை கதைக்கிறன்.”

திருப்பித் தைப்பது புதிதாகத் தைப்பதுபோல் அல்ல. ஆவி காட்டாத துணி. பழைய துளைகள் திறந்தபடி இருந்தன. புதுத் துளை போட்டால் இரண்டு துளைக்கும் இடையில் வலை பிய்ந்துபோகும். ஊசி பழைய துளைக்குள்ளேயே இறங்க வேண்டும். மெசினின் காலை மிதிக்காமல், பக்கத்துச் சில்லைக் கையால் உருட்டி, ஒவ்வொரு தையலாக இறக்கினேன். நான்கு பக்கமும் முடிய ஐம்பது நிமிடம். வேர்ன் தோள்கவசத்தைப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே பெட்டியில் உட்கார்ந்திருந்தார்.  ஆறிப்போன கோப்பியைக் குடித்தார். கடைசி மூலையில் லாரி வந்து குனிந்து பார்த்தார். எடுத்துக் கொழுவியில் மாட்டவில்லை. நேரே வேர்னிடம் கொடுத்தார்.

ஆட்டத்தில் நான், பக் என்று அவர்கள் அடிக்கும் அந்தக் கறுப்பு வில்லையைப் பார்க்கவில்லை. அந்தப் பட்டியைத்தான் பார்த்தேன். ஒருவன் வேர்னைப் பனித்தரையைச் சுற்றியிருந்த கண்ணாடிச் சுவரோடு அடித்துச் சேர்த்தபோது என் தையல் பிரிகிற சத்தம் கேட்டதாகவே நினைத்தேன். பிரியவில்லை. தோற்றோம் என்று ஞாபகம்.

ஆட்டம் முடிய, அரங்கின் பின்கதவில் கரன் நின்றாள். காரின் பின்பக்கம் முழுவதும் பெட்டிகள். வேர்ன் திரும்பித் தொலைபேசி எடுப்பதற்குள் பாதி வீட்டைக் கட்டி ஏற்றிவிட்டாள், அவ்வளவு பழக்கம். ஹெதர் முன் ஆசனத்தில் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். போகவில்லை என்று சொல்லியும் அவள் பையைக் கீழே வைக்கவில்லையாம்.

நான் லாரியைப் பார்த்தேன். “போம், பெட்டியளைத் திருப்பி ஏத்திக் குடும். உடுப்பை நான் பாக்கிறன்,” என்றார்.

அவர்களுடைய அப்பார்ட்மென்ர் மூன்றாம் மாடி. லிஃப்ற் வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ கருவேப்பிலை தாளித்துக்கொண்டிருந்தார்கள். படியில் கரன் எனக்கு முன்னால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். இரண்டாவது மாடியில் நின்று திரும்பினாள்.

“பேரைப் பிரிச்ச ஆள் நீர்தானே?”

“ஓம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“காலமை நீர் என்ரை கையிலை கிடைச்சிருந்தா என்ன செய்திருப்பன் எண்டு எனக்கே தெரியாது. பிள்ளை அழுதவள்.” பெட்டியை முழங்காலில் முண்டு கொடுத்துக்கொண்டாள். “ஆனா ஒண்டு சொல்லுறன். ஒவ்வொரு தரமும் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் எங்களுக்குச் சொல்லுவாங்கள். முடிய முன்னம் தெரிஞ்சது இதுதான் முதல் தரம். தெரிஞ்சபடியாத்தான் அவராலை மாட்டன் எண்டு சொல்ல முடிஞ்சது.” பிறகு பெட்டியைத் தூக்கினாள். “உதிலை கோப்பை இருக்கு, பாத்து வாரும்.”

ஏழு தரம் ஏறி இறங்கினேன். அடுத்த நாள் எனக்கும் முழங்கால் நோ.

புதன்கிழமை வரை நான் சாப்பிட்டது குறைவு. ராணி, “வேலையாலை நிப்பாட்டினா நிப்பாட்டட்டும், வேறை மெசின் இல்லையோ இந்த ஊரிலை,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புதன்கிழமை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. லாரி, நீயே எடு என்று தலையால் காட்டினார். மனேஜர். “பத்தொன்பது,” என்றார். பிறகு, “அவனுக்குச் சொல்லியாச்சு.” வைத்துவிட்டார். எனக்குத் தருவதாகச் சொன்ன பேச்சு அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லும் அதற்கு முன் அந்தத் தொலைபேசியில் வந்ததில்லை. பிறகு நான் அங்கே இருந்த வருடங்கள் முழுவதும் இலக்கத்துக்குப் பின்னால் அது வந்தது. ஆட்கள் எங்கள் அறைக்கு வரும்போது தெரிந்துகொண்டு வந்தார்கள். சிலர் அழுதார்கள், சிலர் கதவை உதைத்தார்கள். நாங்கள் நிலத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கை கொடுத்தோம்.

லாரி தன் பங்கைப் பார்த்துக்கொண்டார். முள்ளுக்கத்தியை எடுத்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். மூன்று மாதம் நான் அதை அவரிடம் கேட்டுத்தான் வாங்கினேன். கேட்கும்போதெல்லாம், “ஆள் போயிட்டானோ?” என்பார். ஓம் என்று நான் சொன்னாலும் எழும்பிப் போய்க் கார் நிறுத்துமிடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துதான் தருவார்.

வேர்ன் அந்தப் பருவம் முழுவதும் எங்களுக்கு விளையாடினார். பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை, அவர் எங்கேயும் சாதித்ததில்லை. தன் வேலையைச் செய்தார். ஏப்ரலில், பருவம் முடிய, விளையாட்டை விட்டார். அவர்கள் அந்த அப்பார்ட்மென்ரிலேயே இருந்தார்கள். அதே அரங்கில் காலையில் பிள்ளைகளுக்கு ஸ்கேற் பழக்கும் வேலை எடுத்தார். ஜூன் மாதம் நாலாம் வகுப்பு முடிந்தது.

பிள்ளை, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பிரிப்பதற்கு அந்தப் பெயர் ஒரு கஷ்டமும் இல்லை, நூல் இலேசாகத்தான் வந்தது. பிரித்ததைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதுதான் கஷ்டம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எழுதியது முழுமையாகாது. அந்த ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை. பயிற்சி ஒன்பது மணிக்கு. எல்லோருக்கும் முன்னால் வருகிற வேர்ன் ஒன்பதுக்கு வரவில்லை. ஒன்பது ஐந்துக்கும் வரவில்லை.  இரவோடிரவாக மனம் மாறிப் போய்விட்டார்களோ என்று கதவுக்கும் மேசைக்கும் நடந்தேன். ஒன்பது பத்துக்கு வந்தார், தலையிலும் தோளிலும் பனி.

கோச் மணிக்கூட்டைக் காட்டி, “எங்கை போனனீ?” என்று கேட்டார்.

“மகளைப் பள்ளிக்கூடத்திலை விடப் போனனான்,” என்றார் வேர்ன். “அவள் தன்ரை மேசையிலை போய் இருக்குமட்டும் கண்ணாடிக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டிட்டன்.”

கோச் கையைக் கீழே விட்டார். வேர்ன் உட்கார்ந்து முழங்காலுக்குப் பட்டி சுற்றத் தொடங்கினார். நான் அவருடைய ஸ்கேற்றைத் தீட்டக் கொண்டு போனேன்.